உள்ளங்கை வியர்வைக்கு ஆபரேஷன்: பாங்காக் டிக்கெட் போடும் முன்

நெஞ்சில் சின்ன ஓட்டை போட்டு ஒரு நரம்பை வெட்டிவிட்டால் கை வியர்வை நின்றுவிடுமாம் என்று கேள்விப்பட்டு என்னிடம் விசாரிக்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நான் ரங்கூனில் அரசு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நெஞ்சு ஆபரேஷன்களில் பல வருடம் டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் அண்ணன் மகன் பாங்காக்கில் இதே வியர்வை ஆபரேஷனைச் செய்துகொண்டபோது கூடவே போனவளும் நான்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை காயும், அதில் சந்தேகமே வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அன்றைக்கே காய்ந்துவிடும். ஆனால் கையில் வராத வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வரும். சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு மிக அதிகம். யாருக்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய டாக்டர் உலகத்திலேயே இல்லை. வந்த பிறகு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. இதைத் தாங்கிக்கொள்வேன் என்று நம்மூர்ச் சித்திரை வெயிலில் நின்று சொல்ல முடிந்தவர்கள் மட்டும்தான் ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், இது எந்த வியர்வை?

ரங்கூனில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை! ஆபரேஷன் வரைக்கும் போகிற வியர்வை வேறு ரகம். சின்ன வயதிலேயே, பெரும்பாலும் பள்ளிக்கூடப் பருவத்தில் ஆரம்பிக்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தாலும் வரும். பரீட்சை, புது மனிதர், கை குலுக்கல் என்றால் கூடும். தூங்கும்போது நின்றுவிடும். வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இதே தொல்லை இருந்திருக்கும். என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான். காளி கோயில் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மிளகைவிடச் சின்னத் திருகாணியை எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். போர்டில் ஒரு சொட்டு விழுந்தால் வேலையே கெட்டது. அதற்காக இரண்டு மணிக்கட்டிலும் டவலைக் கிழித்துக் கட்டிக்கொண்டுதான் உட்காருவான். வாடிக்கையாளரிடம் வாங்கும் நோட்டு அவன் கையிலேயே நனைந்து துவண்டுபோகும்.

வளர்ந்த பிறகு திடீரென்று ஆரம்பித்த வியர்வை, உடம்பு முழுக்க வருவது, இரவில் தலையணையும் பாயும் நனைவது, இவையெல்லாம் வேறு. தைராய்டு கூடியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், மாதவிடாய் நிற்கும் வயதாக இருக்கலாம், சாப்பிடும் மாத்திரையின் விளைவாகவும் இருக்கலாம். இரவு வியர்வையோடு இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று சேர்ந்து வந்தால் காசநோய்ப் பரிசோதனைதான் முதல் வேலை. காசநோய் மிகுந்த 30 நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் பர்மாவும் இருக்கிறது. காரணம் ஒளிந்திருக்கும்போது நரம்பை வெட்டி வியர்வையை மட்டும் நிறுத்தப் பார்ப்பது ஆபத்து.

கத்திக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை

ஆபரேஷன் கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளை நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் போதிய நேரம் கொடுத்து ஏற வேண்டும். ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதித் தரும் டாக்டரை நம்பாதீர்கள்.

முதல் படி அலுமினியம் குளோரைடு கலந்த தடவும் மருந்து, 20 சதவீதம். கடையில் வாசனைக்காக விற்கும் ரோல்-ஆன் இந்த அளவில் வராது, லேபிளைப் படித்து வாங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் கை முழுக்கக் காய்ந்திருக்கும்போது தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக் கையில் தடவினால் எரியும். அக்குளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அங்கே பலன் குறைவு.

அடுத்தது அயன்டோபோரெசிஸ். எங்கள் வீட்டில் தண்ணி மிஷின் என்று சொல்வோம். கை வியர்வைக்கு நான் மிகவும் நம்புவது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒழுங்காகச் செய்யாமல் கைவிட்டுவிட்டு ஆபரேஷனுக்கு ஓடுகிறவர்கள் நிறைய.

இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு உலோகத் தகடு, அதன்மேல் துணியோ ஸ்பாஞ்சோ போட்டிருக்கும். ஒரு தட்டில் வலது கை, இன்னொன்றில் இடது கை. மிஷினைப் போட்டால் மெல்லிய மின்சாரம் தண்ணீர் வழியாக உள்ளங்கைக்குள் போகும். கைக்கு 15 முதல் 20 மில்லி ஆம்பியர், 20 முதல் 30 நிமிடம். பாதி நேரத்தில் திசையை மாற்ற வேண்டும், பல மிஷின்கள் தானாகவே மாற்றிக்கொள்ளும். வாரத்துக்கு மூன்று நான்கு தடவை என்று விடாமல் செய்தால் சில வாரத்தில் கை காய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை போதும். நிறுத்தினால் வியர்வை திரும்பிவிடும்.

மோதிரம், வளையல், கோயில் கயிற்றில் கோத்த உலோகத் தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். நகக்கண்ணில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த இடத்தில் வாசலின் தடவுங்கள், இல்லாவிட்டால் ஊசி குத்துவது போல வலிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கையைச் சட்டென்று வெளியே எடுக்காதீர்கள், ஷாக் அடிக்கும். முதலில் மிஷினைக் குறைத்து நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்துப் புழங்குகிற வீடுகளில் மிஷின் வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள். மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது, அதனால் மின்சாரம் சரியாகக் கடக்காது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சரியாகிவிடும். நம் ஊர் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால் பேட்டரியில் ஓடும் மிஷினாக வாங்குங்கள். வீட்டுக் கரண்டில் வயரை இழுத்துச் சொந்தமாகத் தயாரிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், உயிர் போய்விடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கையிலோ நெஞ்சிலோ உலோகத் தகடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது.

என் பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும்போது கைக்கடியில் கைக்குட்டை வைத்துத்தான் எழுதுவாள். தாள் நனைந்து மை பரவிவிடும். அவள் அம்மா ஆபரேஷனுக்கே நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். தண்ணி மிஷினை ஒரு பருவம் முழுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்யவைத்தேன். முழுக்கக் காயவில்லை, ஆனால் கைக்குட்டை இல்லாமல் எழுதுகிற அளவுக்கு வந்தது. அவளுக்கு அது போதும்.

மாத்திரை என்றால் ஆக்சிபியூட்டினின் அல்லது கிளைக்கோபைரோலேட். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் செய்தியைத் தடுப்பவை. வாய் உலரும், மலச்சிக்கல் வரும், கண் மங்கலாகலாம், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னொன்று, இவை உடம்பு முழுக்க வியர்வையைக் குறைப்பதால் உச்சி வெயிலில் உடல் சூடு ஏறி மயக்கம் வரும். வெயிலில் மூட்டை தூக்குகிறவர்கள் இதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகக்கூடாது.

போடாக்ஸ் ஊசி அக்குளுக்கு நல்ல வழி. அமெரிக்காவில் 2004-இலேயே அக்குள் வியர்வைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். பலன் நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை நிற்கும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். உள்ளங்கையில் போட்டால் வலி அதிகம், கொஞ்ச நாளைக்குக் கட்டைவிரல் பிடி தளர்ந்துவிடும். இந்த மருந்தை ஃபிரிட்ஜில் குளிராக வைத்திருக்க வேண்டும். போடுகிற இடத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அக்குள் மட்டும்தான் பிரச்சினை என்றால் நெஞ்சு ஆபரேஷன் பேச்சையே எடுக்காதீர்கள். அக்குளிலேயே சுரப்பிகளைச் சுரண்டி எடுக்கும் சின்ன ஆபரேஷனும், மைக்ரோவேவ் சூட்டால் அவற்றை அழிக்கும் முறையும் இருக்கின்றன. பாதத்துக்கும் இந்த நெஞ்சு ஆபரேஷன் நம்பத் தகுந்ததல்ல. பாதத்துக்கென்று இடுப்பு நரம்பை வெட்டும் ஆபரேஷன் தனியாக உண்டு, ஆனால் ஆண்களுக்கு விந்து வெளியேறுவதில் கோளாறு வரும் அபாயம் அதில் இருக்கிறது.

ஆபரேஷனில் நடப்பது

முதுகெலும்பின் இரு பக்கமும், விலா எலும்புகளின் தலைமாட்டில், மேலிருந்து கீழாக ஒரு நரம்புச் சங்கிலி ஓடுகிறது. பரிவு நரம்பு என்று பெயர். கைக்கு வேர்க்கச் சொல்லும் கட்டளை இதன் வழியாகத்தான் போகிறது. அதை நெஞ்சுக்குள் ஓரிடத்தில் துண்டிப்பதுதான் ஆபரேஷன். ஈ.டி.எஸ். என்று டாக்டர்கள் சொல்வார்கள். வியர்வைக்காக இந்த நரம்பில் கை வைத்தது 1920-இலேயே நடந்திருக்கிறது. அப்போது பெரிதாகத் திறந்து செய்தார்கள், இப்போது கேமரா வழியாகச் செய்கிறார்கள்.

முழு மயக்கம் கொடுத்து, கையை விரித்து வைத்து, அக்குளுக்குக் கீழே, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில், ஒன்றோ இரண்டோ ஓட்டை போடுவார்கள். கேமரா நுழைய இடம் வேண்டுமே, அதற்காக அந்தப் பக்க நுரையீரலைக் கொஞ்ச நேரம் சுருங்கவைப்பார்கள். சுருங்கினதும் விலா எலும்பின் மேல் வெள்ளையாக ஒரு நூல் போல அந்த நரம்பு தெரியும். மெல்லிய சவ்வுக்கடியில் இருக்கும். பக்கத்திலேயே ரத்தக் குழாய்கள். சூட்டுக் கருவியால் அதைச் சுட்டுத் துண்டிப்பார்கள், சிலர் கிளிப் போட்டு இறுக்குவார்கள். விரலில் ஒரு வெப்பநிலை வயர் ஒட்டியிருக்கும். நரம்பு துண்டான கொஞ்ச நேரத்தில் திரையில் உள்ளங்கைச் சூடு ஒரு டிகிரி, சில சமயம் அதற்கும் மேல் ஏறும். சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறோம் என்பதற்கு அது அடையாளம். பிறகு நுரையீரலை ஊதி விரியவைத்து, காற்றை வெளியேற்றி, ஓட்டையை மூடிவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். சாதாரணமாக இரண்டு பக்கமும் ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும். பலர் மறுநாளே ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விடுகிறார்கள்.

என் அண்ணன் மகன் மயக்கம் தெளிந்ததும் முதலில் செய்தது தன் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்ததுதான். "அத்தை, சூடா இருக்கு, காஞ்சு போயிருக்கு" என்றான். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை குளிர்ந்தும் ஈரமாகவும்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். மறுநாள் காய்ந்த கையைக் காட்டிப் பாராட்டுகிறவர், அடுத்த ஏப்ரலில் எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

வியர்வை இடம் மாறுவது

இதற்கு ஈடுகட்டும் வியர்வை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மார்புக் காம்புக்குக் கீழே வயிறு, முதுகு, இடுப்பு, பிட்டம், தொடை, முழங்காலின் பின்பக்கம். ஆபரேஷன் முடிந்து வாரங்களிலோ மாதங்களிலோ தெரிய ஆரம்பிக்கும். எத்தனை பேருக்கு வருகிறது என்று பார்த்தால் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. அவரவர் எதை வியர்வை என்று கணக்கில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிறு பகுதியினருக்குச் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வருகிறது. அவர்கள்தான், ஏன் செய்தோம் என்று அழுகிறவர்கள். அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சூடும் ஈரப்பதமும் உள்ள ஊரில் இது மோசமாகத் தெரியும். குளிர் நாட்டிலிருந்து எழுதிவைத்த திருப்திக் கணக்கை அப்படியே ரங்கூனுக்குக் கொண்டுவரக்கூடாது. 2024 ஏப்ரலில் மக்வே வட்டாரத்துச் சவுக் ஊரில் 48.2 டிகிரி அடித்தது. அந்த மாதிரி நாளில் கரண்ட் இல்லாமல் மின்விசிறி நின்றுபோன வீட்டில் என் அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தான். கை, முகம், கழுத்து எல்லாம் பொடி போட்டது போலக் காய்ந்திருக்கிறது. முகத்தில் தனாக்கா என்ற மரப்பட்டை விழுதைப் பூசினால் நாள் முழுக்கக் கலையாமல் நிற்கும். விலாவுக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றியது போல லுங்கி இடுப்பிலிருந்து தொடை வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. கடையில் மாற்று லுங்கி இரண்டு வைத்திருக்கிறான். வெளிர் நிறம் கட்டுவதை விட்டுவிட்டான், ஸ்டூலில் மடித்த துண்டு போட்டுத்தான் உட்காருகிறான். திருகாணி விரலில் ஒட்டுவதில்லை, தொழில் நன்றாக நடக்கிறது, அதனால் பரவாயில்லை என்கிறான். அதே உடம்பு ஆசிரியை ஒருத்திக்கோ பஸ்ஸில் நின்று வேலைக்குப் போகிற பெண்ணுக்கோ இருந்தால் பரவாயில்லை என்பார்களா என்று தெரியாது. கை ஈரத்தைக் கைக்குட்டையால் மறைக்கலாம், நனைந்த முதுகை மறைக்க முடியாது.

அபாயம் யாருக்குக் கூடுதல் என்று ஓரளவு தெரியும். குண்டாக இருப்பவர்கள், இப்போதே முதுகிலும் நெஞ்சிலும் நிறைய வேர்ப்பவர்கள், முகத்து வியர்வைக்காகச் செய்பவர்கள். எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். மேலே போகப் போக ஈடுகட்டும் வியர்வை கூடுகிறது. அதனால் 2011-இல் நெஞ்சு அறுவை நிபுணர்கள் கூடி ஓர் ஒழுங்கு சொன்னார்கள். வெட்டும் இடத்தை விலா எலும்பின் எண்ணால் குறிக்க வேண்டும் என்றார்கள். உள்ளங்கைக்கு மூன்றாவது அல்லது நான்காவது விலா எலும்பின் மேல். மூன்றில் வெட்டினால் கை ஈரமே இல்லாமல் காயும், ஆனால் ஈடுகட்டும் வியர்வைக்கு வாய்ப்பு கூடுதல். நான்கில் வெட்டினால் கையில் லேசான ஈரம் மிஞ்சலாம், மற்ற இடத்து வியர்வை குறையும். என்னைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்கு நான்காவதுதான். கொஞ்சம் ஈரமுள்ள கை மனிதக் கைதான். ஈரமே இல்லாமல் காய்ந்த கை வெடிக்கும், தாளைப் புரட்டக்கூட எச்சில் தொட வேண்டியிருக்கும்.

ஓர் ஒத்திகை சொல்கிறேன். ஆபரேஷனுக்கு யோசிக்கிறவர்கள் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் எந்த நாளில் உடம்பில் எங்கெல்லாம் வேர்த்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கை மட்டும்தான் நனைகிறதா, முதுகும் சேர்ந்தா என்று பாருங்கள். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். குளிர்காலத்தில், டிசம்பரில் போய் நாள் குறிக்காதீர்கள்.

மற்ற அபாயங்கள்

கண் இமை தொங்கி, கருவிழிப் பாவை சிறுத்துப்போவது ஒன்று, ஹார்னர் என்று பெயர். சூடு மேலே உள்ள நரம்பு முடிச்சுக்குப் போய்விட்டால் வரும். நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு, ஆனால் சிலருக்கு நிரந்தரம். இரண்டாவது விலா எலும்புப் பக்கம் போனால் இது கூடும், அதனால் அங்கே வேண்டாம் என்று சொல்லுங்கள். நுரையீரலுக்கு வெளியே காற்று தங்குவது சகஜம், பெரும்பாலும் தானாக உறிஞ்சிக்கொள்ளும். சிலருக்கு நெஞ்சில் குழாய் போட வேண்டிவரும். ரத்தக் கசிவு அபூர்வம், வந்தால் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கலாம். மரணங்களும் பதிவாகியிருக்கின்றன, மிக மிக அபூர்வமாக. விலா நரம்பு வலி வாரக்கணக்கில் நீடிக்கலாம். இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். அதனால் ஓய்வில் இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 55-க்குக் குறைவாக இருப்பவர்களுக்குச் செய்ய யோசிப்பார்கள். காரம் சாப்பிட்டால் முகத்தில் வேர்ப்பது சிலருக்குப் புதிதாகத் தொடங்கும். சில வருடம் கழித்துக் கை வியர்வையே திரும்பி வருவதும் உண்டு.

நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம். முன்பு காசநோய் வந்து குணமானவர்கள், நெஞ்சில் நீர் கோத்து எடுத்தவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட நெஞ்சில் நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் தியேட்டரில் பார்த்திருக்கிறேன், பிரிக்கப் பிரிக்க ரத்தம் கசியும். கேமரா உள்ளே போகவே இடம் இருக்காது. சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் உண்டு. டாக்டரிடம் வெட்கம் கூடாது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோருக்கு: சின்ன வயதில் செய்தால் பலன் நன்றாக இருக்கும் என்று டாக்டர்கள் சொல்வது உண்மைதான். அதற்காகப் பன்னிரண்டு, பதினான்கு வயதில் வேண்டாம். தைவானில் இந்த ஆபரேஷன் ஏராளமாக நடந்து, புகார்கள் குவிந்து, 2004-இல் 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் செய்யக்கூடாது என்று அரசாங்கமே தடை போட்டது. வாழ்நாள் முழுக்க அந்த முதுகோடு வாழப்போவது பிள்ளைதான். வளர்ந்து அதுவே முடிவெடுக்கட்டும்.

டாக்டர் முன்னால் உட்காரும்போது

நாங்கள் போன இடத்தில் ஈடுகட்டும் வியர்வையைப் பற்றி, "முதுகு கொஞ்சம் வேர்க்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும் தாள் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. பர்மிய மொழிபெயர்ப்பாளர் வந்தபோது தாள் ஏற்கனவே மேசைக்கு வந்துவிட்டது. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வாசித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் கடுமையான ஈடுகட்டும் வியர்வை எத்தனை பேருக்கு வந்தது, ஒரு வருடம் கழித்து அவர்களைப் பார்த்தீர்களா என்று நேராகக் கேளுங்கள். எத்தனையாவது விலா எலும்பு, வெட்டுவதா கிளிப்பா என்று கேட்டு, டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி அதுதான். கிளிப் போட்டால் பிடிக்காதபோது கழற்றிவிடலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை உத்தரவாதமாக எடுக்காதீர்கள். இறுகிய நரம்பு நசுங்கிப் போயிருக்கும். சீக்கிரமே எடுத்தாலும் சரியாகும் என்ற நிச்சயமில்லை.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புவது

இதில்தான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். ஹோட்டல் செலவைப் பார்த்து மூன்றாம் நாளே விமானம் ஏறப் பார்க்கிறார்கள். நுரையீரலுக்கு வெளியே கொஞ்சம் காற்று தங்கியிருந்தால், விமானம் மேலே போகப் போக அது விரிந்து நுரையீரலை அமுக்கும். பாங்காக்கிலிருந்து ரங்கூன் சின்னப் பயணம்தான், ஆனாலும் வானத்தில் அது நடந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எக்ஸ்ரேயில் காற்று முழுக்கப் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் கழித்து, டாக்டர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகே ஏறுங்கள். பத்துப் பதினைந்து நாள் தங்கும் செலவையும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டையும் சேர்த்தே கணக்குப் போட்டுக் கிளம்ப வேண்டும். அந்தப் பணம் இல்லாவிட்டால் இப்போதைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

மூச்சு இழுக்கும்போது தோள்பட்டைகளுக்கு நடுவில் வலிக்கும், சில வாரத்தில் குறையும். வலிக்கிறதே என்று மேலோட்டமாக மூச்சுவிட்டுப் படுத்தே கிடக்காதீர்கள், எழுந்து நடந்து ஆழமாக மூச்சு இழுங்கள். முதல் வாரத்தில் ஓரிரு நாள் கையில் பழையபடி வியர்வை வந்து போகலாம். பயப்பட வேண்டாம், நரம்பின் கடைசித் துடிப்பு அது. திடீர் மூச்சுத்திணறல், ஒரு பக்கம் குத்தும் நெஞ்சு வலி, காய்ச்சல், காயத்தில் சீழ், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ந்த கைக்கு ராத்திரி வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், வெடிப்பு வராது.

ஏற்கனவே செய்துகொண்டு, முதுகு வியர்வையால் நொந்துபோயிருப்பவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஆக்சிபியூட்டினின், கிளைக்கோபைரோலேட் இரண்டும் இந்த வியர்வையையும் குறைக்கும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் அதிகம் என்றால் போடாக்ஸ் போட்டுப் பார்க்கலாம். காலிலிருந்து நரம்பெடுத்து வெட்டின இடத்தை இணைக்கும் ஆபரேஷனைச் சிலர் செய்கிறார்கள். பலன் சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை. இன்னொரு தடவை கத்திக்குப் போகும் முன் மாத்திரையை முறையாகச் சாப்பிட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள், வெறும் தண்ணீர் போதாது. உடம்பின் மேல்பாதி வேர்க்காததால் சூடு சீக்கிரம் ஏறும், தலையிலும் கழுத்திலும் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த லுங்கியோடு நாள் முழுக்க இருந்தால் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படை வரும். வட்டமாகச் சிவந்து அரித்தால் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.